மழைக்குப் பின் இழுத்த ஊசிகள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் அரை மணி நேரம் பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். வெற்றி பெறுவது எப்படி என்று ஏதாவது சொல்லுங்கள் என்றார்கள். அது எனக்குத் தெரிந்திருந்தால், செந்தூல் அடுக்குமாடியில் லிஃப்ட் கெட்டுப்போகும் நாளெல்லாம் ஒன்பது மாடி ஏறிக்கொண்டிருக்க மாட்டேன். எனக்குத் தெரிந்தது ஊசி இழுப்பது மட்டும்தான். இந்த ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தபோது எல்லோரும் என்னை அக்கா என்றார்கள், ஓய்வு பெற்றபோது ஆன்டி என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் நான் செய்த தப்புகள் ஏராளம். இரண்டைச் சொல்கிறேன். முதலாவது சிரிப்பதற்கு. இரண்டாவதைச் சொல்ல எனக்கு இன்றும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஊசி என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். நிர்வாகப் பிரிவிலிருந்து வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக ஒரு முறை சொல்லிவிடுகிறேன். வீட்டில் விரலைக் குத்தி இனிப்பு நீர் வியாதிக்குச் சர்க்கரை பார்க்கிறோமே, அந்தக் கருவி ரத்தத்தில் எவ்வளவு குளுக்கோஸ் இருக்கிறது என்று சொல்லும். நம் ஊசி, உயிருள்ள ஒரே ஒரு செல்லுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இரண்டு பக்கமும் இழுத்தால் நடுவில் மெலிந்து அறுந்துபோகும். அந்த முனைதான் ஊசி. ஒரு தலைமுடியின் அகலத்தில் அப்படிச் சில நூறு முனைகளை அடுக்கலாம். அதற்குள் கரி, கரிமேல் பிளாட்டினம், அதன்மேல் குளுக்கோஸை மட்டும் பிடித்துச் சிதைக்கும் ஒரு நொதி. நொதி வேலை செய்தால் மிகச் சின்ன மின்னோட்டம் வந்து திரையில் ஒரு கோடாக ஓடும். கோடு ஏறினால் குளுக்கோஸ் கூடுகிறது, இறங்கினால் குறைகிறது. மிச்சத்தை உங்கள் மேலாளர்கள் வாரக்கணக்கில் சொல்லித் தருவார்கள், நீங்களும் தலையாட்டுவீர்கள்.

எங்கள் குழுவின் தலைவி ஒரு மலாய்க்காரப் பேராசிரியர். நாங்கள் அவரை ப்ரோஃப் என்போம். நோன்பு மாதத்தில் மாலையானால் தன் அறையில் பேரீச்சம்பழத் தட்டை வைத்து எல்லோரையும் கூப்பிடுவார். நான் நோன்பு பிடிக்காமலே நோன்பு திறக்க முதல் ஆளாகப் போய் நிற்பேன். ஒரு வருஷம் அந்த மாதத்தில் எங்கள் ஊசிகளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. குளுக்கோஸே இல்லாத வெறும் கரைசலில் வைத்தால்கூட குளுக்கோஸ் இருக்கிறது என்று காட்டின. மூன்று நாள் நானும் விடாமல் ஊசிகளைத் திட்டி, புதிய புட்டிகளை உடைத்து, ரசாயனம் விற்றவரிடம் தொலைபேசியில் சண்டை போட்டேன். நான்காம் நாள் மாலை, ஆய்வுக்கூடத்தில் நான் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு அதே கையால் கரைசல் புட்டியின் மூடியைத் திருகியதை ப்ரோஃப் பார்த்துவிட்டார். கையுறையை அதற்குப் பிறகுதான் மாட்டுவேன், அது என் பழக்கம். பேரீச்சம்பழத்தில் குளுக்கோஸ் கொட்டிக் கிடக்கிறது. ப்ரோஃப் சவர்க்காரத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். மூன்று நாளாக உண்மை சொன்ன ஊசியை நான் பொய்க்காரி என்று திட்டியிருக்கிறேன். ரசாயனக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன், அவர் ஒரு மாதம் என் அழைப்பை எடுக்கவில்லை.

இனி செல்வத்தின் கதை.

செல்வம் எங்கள் குழுவில் மூன்று வருஷ ஒப்பந்தத்தில் இருந்த ஆய்வாளர். தினமும் போர்ட் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வருவார். நல்ல கை அவருக்கு. நான் இழுக்கும் ஊசியை ஒரு செல்லுக்குள் இறக்கும்போது மூச்சுக்கூட விடமாட்டார். ஒப்பந்தம் முடிய பத்து நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் நிதி கொடுக்கும் குழுவின் முன்னால் அவர் தன் வேலையைக் காட்ட வேண்டும். பிடித்திருந்தால் ஒப்பந்தத்தை நீட்டிப்பார்கள். பிடிக்காவிட்டால், துறைமுகப் பக்கத்துக் கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளர் வேலையை அவருடைய மச்சான் பேசி வைத்திருந்தார். கெட்ட வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு தடவை அங்கே போனால் திரும்பி இந்தப் பக்கம் வருவது நடக்காது என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அவர் பார்த்துக்கொண்டிருந்தது கொழுப்புச் செல்களை. ஆரோக்கியமான கொடையாளர்களின் செல்களை ஏற்கெனவே அளந்துவிட்டார். வெளியே கரைசலில் இருப்பதைவிட உள்ளே குளுக்கோஸ் மிகக் குறைவாக இருந்தது. உள்ளே நுழைய நுழைய செல் அதைச் செலவழித்துவிடுகிறது. இனிப்பு நீர் உள்ள ஒருவரின் செல்களை அளப்பதுதான் பாக்கி. புதன்கிழமை அது வருவதாக இருந்தது. அறுவைச் சிகிச்சைக்கு வந்த ஒரு பெண் சம்மதித்துக் கொடுத்தது. எங்களுக்கு அவருடைய எண் மட்டும்தான் தெரியும். அந்தச் செல்கள் இரண்டு நாள் தாங்கும்.

செவ்வாய்க்கிழமை காலையில் பன்னிரண்டு ஊசி இழுத்தேன். நான் எப்போதும் காலையில்தான் இழுப்பேன். மழைக்குப் பிறகு காற்றில் ஈரம் ஏறினால் கண்ணாடி வேறு மாதிரி அறுகிறது, முனை மொண்ணையாகவோ சிராய்ந்தோ போகிறது. இது புத்தகத்தில் படித்ததில்லை, கையில் படித்தது. ஏசி ஓடினால் பரவாயில்லை. அன்று ஏசியைக் கழற்றிப் போட்டிருந்தார்கள், உதிரி பாகம் வரவேண்டுமாம்.

பதினொரு மணிக்கு அந்தப் பன்னிரண்டையும் எடுத்துக்கொண்டு போகும்போது பெட்டியைக் கதவு நிலையில் இடித்தேன். யாரும் இடிக்கவில்லை, நானேதான். திறந்து பார்த்தால் ஒன்றுகூட மிச்சமில்லை.

பிற்பகல் இரண்டு மணிக்கு, நம் ஊர் வழக்கப்படி, வானத்தைக் கிழித்துக்கொண்டு மழை. நின்றதும் உட்கார்ந்து இழுத்தேன். எட்டுதான் தேறியது. வழக்கமாக ஒவ்வொரு தொகுதியிலும் மூன்று ஊசியை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து முனையைப் பார்ப்போம். பார்த்த ஊசி பிறகு பயன்படாது. எட்டில் மூன்றைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒன்றை மட்டும் பார்த்தேன், அது நன்றாக இருந்தது. மற்ற ஏழும் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பூச்சு வேலைகளை முடித்து, மறுநாள் பெட்டியைச் செல்வத்திடம் கொடுத்தேன். மழைக்குப் பின் இழுத்தது என்று அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார், நான் பெட்டியை இடித்த கதையைச் சொல்ல வேண்டியிருக்கும்.

புதன் சாயங்காலம் செல்வம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த சத்தம் பக்கத்து அறையில் இருந்த எனக்குக் கேட்டது.

"அக்கா! இங்க வந்து பாருங்க லா!"

திரையில் பத்துச் செல்களின் கோடுகள். எல்லாம் மேலே நின்றன. உள்ளே இருந்த குளுக்கோஸ் வெளியே இருந்த அளவுக்கே இருந்தது.

"எல்லாரும் என்னா சொல்றாங்க? இனிப்பு நீர் வந்தா சீனி செல்லுக்குள்ள போகாதுங்கறாங்க. இங்க பாருங்க, உள்ள போயிருக்கு. போயி செலவாகாம கெடக்கு. இது புதுசு அக்கா, யாரும் சொல்லாதது."

உடனே மனைவியைக் கூப்பிட்டார். கெடச்சிருச்சி, கெடச்சிருச்சி என்று நாலு தடவை சொன்னார். நான் கோடுகளைப் பார்த்தேன். ஊசி மொண்ணையாக இருந்தால் செல்லின் சவ்வு கிழியும். ஓட்டை வழியாக வெளியே இருக்கும் கரைசல் உள்ளே வழியும். அப்போது ஊசி அளப்பது செல்லை இல்லை, கரைசலை. பத்தும் வெளியே இருக்கும் அளவிலேயே நிற்கிறது என்றால் எனக்கு வேறு விளக்கம் தோன்றவில்லை.

அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் முகம் அப்படி இருந்தது என்பது ஒரு காரணம். தப்பு என்னுடையது என்பதுதான் உண்மையான காரணம். வீட்டுக்குப் போகும் ரயிலில் நல்ல காரணங்களாகத் தேடிக்கொண்டே போனேன். அந்த ஒரு ஊசி நன்றாக இருந்ததே, ஒருவேளை எல்லாம் சரியாக இருக்கலாமே என்று. இப்படித் தேட ஆரம்பித்தாலே விடை தெரிந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கும் தெரிந்தேதான் இருந்தது.

வியாழன் காலை ஏழு மணிக்கெல்லாம் வந்து, செல்வம் குத்திவிட்டு வைத்திருந்த ஊசிகளில் இரண்டையும் குத்தாமல் மிச்சமிருந்த ஒன்றையும் நுண்ணோக்கியில் வைத்தேன். மூன்றுமே முனை சிராய்ந்து கிடந்தன. குத்தாத ஊசியும் அப்படி இருந்ததால், குத்தும்போது உடைந்தது என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. உட்கார்ந்து அழுதேன், பொய் சொல்லவில்லை. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, வெளியே வெயில் அடிக்கும்போதே புதிதாக ஊசி இழுத்துப் பூச்சுக்கு வைத்துவிட்டு, செல்வத்தைத் தேடிக் கேண்டீனுக்குப் போனேன்.

அவர் பாலும் சீனியும் இல்லாத தே ஓ குடித்துக்கொண்டு, மடிக்கணினியில் மறுநாள் காட்ட வேண்டிய படத்துக்குக் கலர் மாற்றிக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியை இடித்தது, மழை, ஒரே ஒரு ஊசியைப் பார்த்தது, எல்லாம்.

"நேத்து நான் கூப்பிட்டுக் காட்டினப்பவே ஒங்களுக்குத் தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சி."

"அப்போ ஏன் அக்கா சொல்லல? நான் வீட்டுல சொல்லிட்டேன். எங்கம்மாகிட்ட சொல்லிட்டேன்."

அவர் பார்வையை என்னிடமிருந்து மடிக்கணினிக்குத் திருப்பிக்கொண்டார். பிறகு மெதுவாக வேறு ஒன்று சொன்னார்.

"ஊசி பெருசா இருந்தா ரிசல்ட்டு தப்புன்னு அர்த்தமா? செல்லு தாங்கியிருக்கலாம் லா. யாருக்குத் தெரியும்?"

இப்படிப் பேசுகிற ஆள் இல்லை அவர். ஆனால் நாளைக்கு வேலை போகும் என்றால் நானும் அப்படித்தான் பேசியிருப்பேன். நீங்களும் பேசுவீர்கள்.

இரண்டு பேரும் ப்ரோஃப் அறைக்குப் போனோம். அவர் கேட்டு முடித்துவிட்டு, மலாயும் ஆங்கிலமுமாக, எங்கள் இரண்டு பேரையும் பொதுவாகப் பார்த்துச் சொன்னார். நான் தமிழில் சொல்கிறேன். "செல் தாங்கியதா என்று நாம் மூன்று பேரும் சேர்ந்து யோசித்து என்ன ஆகப்போகிறது? செல்லையே கேளுங்கள். இன்னும் சில மணி நேரம் உயிரோடு இருக்கும். அதே மோசமான ஊசியால் குத்தி, வெளியே குளுக்கோஸைத் திடீரென்று கூட்டுங்கள். முழுசாக இருக்கிற செல் என்றால் உள்ளே கோடு உடனே அசையக் கூடாது. ஓட்டை விழுந்திருந்தால் வெளியே ஏறும்போதே உள்ளேயும் ஏறும்."

பிறகு செல்வத்தை மட்டும் பார்த்துச் சொன்னார். "செய்யச் சொல்லி உங்களுக்கு நான் உத்தரவு போடப் போவதில்லை. நாளைக்குக் குழுவின் முன்னால் நிற்கப் போவது நீங்கள். கேட்டுவிட்டால், பதில் எதுவாக இருந்தாலும் அதைத்தான் காட்ட வேண்டும்."

அவர் அப்படி விட்டது அன்று எனக்குக் கோபமாக இருந்தது. உத்தரவு போட்டிருந்தால் செல்வத்துக்குச் சுலபமாக இருந்திருக்கும், பழியை ப்ரோஃப் தலையில் போட்டுவிடலாம். எனக்கும் சுலபமாக இருந்திருக்கும். செல்வம் வராந்தாவில் போய் நின்றார். கால் மணி நேரம் இருக்கும். சோதனையைச் செய்யாவிட்டால் அந்தப் பத்துக் கோடுகள் அப்படியே இருக்கும். கேட்க ஆளில்லை. நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன், அப்படி நினைக்க வெட்கமாக இருந்தாலும். திரும்பி வந்தவர் என்னைத் தாண்டிப் போய், செல்களைப் பார்க்கும் நுண்ணோக்கியின் முன்னால் உட்கார்ந்து கையுறையை மாட்டினார்.

மோசமான ஊசி, முதல் செல். வெளியே குளுக்கோஸைக் கூட்டினார். கோடு கூடவே ஏறியது. இரண்டாவது செல், அதே கதை. மூன்றாவதும் அப்படித்தான். செல்வம் ஊசியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளங்கையால் கண்ணை அழுத்திக்கொண்டார். பெரிய கண்டுபிடிப்பு அத்தோடு முடிந்தது.

"புது ஊசி இருக்கா?" என்று கேட்டார். அக்கா என்று சொல்லவில்லை.

காலையில் இழுத்ததில் மூன்றை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு மிச்சத்தை வைத்திருந்தேன். அதற்குள் செல்கள் சோர்ந்துவிட்டன. கொஞ்சம் தெம்பாக இருந்தவை ஐந்து. ஊசி நெருங்கும்போதே இரண்டு சுருங்கிவிட்டன, ஒன்று குத்தியதும் கசிந்தது. மிச்சம் இரண்டு. அந்த இரண்டிலும் வெளியே குளுக்கோஸைக் கூட்டியபோது உள்ளே கோடு அசையவில்லை. உள்ளே குறைவாகவே இருந்தது. பிறகு இன்சுலின் விட்டுப் பார்த்தார். ஆரோக்கியமான செல்லில் ஏறும் கோடு இதில் ஏறியதா இல்லையா என்று சண்டை போடும் அளவுக்குத்தான் ஏறியது. எல்லோரும் பல காலமாகச் சொல்லி வருவதுதான், இனிப்பு நீரில் சீனி செல்லுக்குள் போகத் தயங்குகிறது. புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு மனுஷியின் செல்லுக்குள்ளிருந்தே அதைப் பார்த்தது எங்கள் கூடத்தில் அதுதான் முதல் தடவை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. செல்வத்துக்கு என்ன இருந்தது என்று தெரியவில்லை, அவர் என்னிடம் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை நிதிக் குழு கூடியது பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில். எனக்கு அழைப்பு இல்லை. ஊசி இழுப்பவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. ப்ரோஃப் நீயும் வா என்றார், போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். செல்வம் முதல் படத்திலேயே அந்தப் பத்துக் கோடுகளைக் காட்டினார். குழுவில் இரண்டு பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அடுத்த படத்தில், "இது தவறு, எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன்" என்று கசிவுச் சோதனையைக் காட்டினார். அதற்கடுத்து அந்த இரண்டு செல்கள். மொத்தமே எட்டு நிமிஷம்.

குழுவில் கண்ணாடி போட்ட ஒருவர் கேட்டார். "ஊசிகளைச் சோதிக்காமல் விட்டது யாருடைய தவறு?"

"என்னுடையது. நான்தான் கேட்காமல் வாங்கிக்கொண்டேன்" என்றார் செல்வம்.

அதைக் கேட்டுக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து நின்றேன். நாற்காலி பின்னால் விழுந்தது. என் ஆங்கிலம் நல்ல நாளிலேயே தடுமாறும். ஊசி இழுத்தது நான், ஈரத்தில் இழுத்தேன், ஒன்றைத்தான் பார்த்தேன், அவரிடம் மறைத்தேன் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். கண்ணாடிக்காரர் என்னையும் செல்வத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "தவறு என்னுடையது என்று இந்த அறையில் இரண்டு பேர் சொல்லி இதுவரை நான் கேட்டதில்லை" என்றார். குழுவினர் சிரித்தார்கள். நான் விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தேன்.

வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். இருபது நிமிஷம் கழித்துக் கூப்பிட்டு, ஒரு வருஷம் நீட்டிப்பதாகச் சொன்னார்கள். கேட்டது மூன்று வருஷம். இனிமேல் அளக்கும் ஒவ்வொரு செல்லிலும் கசிவுச் சோதனை செய்ய வேண்டும் என்று நிபந்தனை. நீங்கள் இன்று செய்கிறீர்களே, செய்யச் சலித்துக்கொள்கிறீர்களே, அந்தச் சோதனை இந்தக் கூடத்துக்கு வந்தது இப்படித்தான்.

கீழே இறங்கி வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கடைகளின் முன்னால் அஞ்சடி நடைபாதையில் ஒதுங்கினோம். ப்ரோஃப் கார் எடுத்து வரப் போனார். செல்வம் மனைவியைக் கூப்பிட்டார். மழைச் சத்தத்தில் அவர் கத்திப் பேசியதால் நான் ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது.

"ஒரு வருஷம் குடுத்திருக்காங்க... ஆமா, ஒரு வருஷம்தான்... அந்தப் பெரிய ரிசல்ட்டா? அது இல்ல, அது போச்சி. ரெண்டு செல்லுதான் இருக்கு." அந்தப் பக்கம் என்ன கேட்டாரோ, செல்வம் சிரித்தார். "ரெண்டுதான் லா. ஆனா ரெண்டும் உண்மை."

கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்தார். கேண்டீனில் என்னைப் பார்ப்பதை நிறுத்தியதிலிருந்து, அப்போதுதான் முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, திங்கக்கெழம எத்தன மணிக்கு ஊசி இழுப்பீங்க?"

"ஏழு மணிக்கு. மழ பேஞ்சா இழுக்க மாட்டேன்."

"நானும் வரேன். நீங்க இழுங்க, நான் ஒவ்வொரு தொகுதியும் பாக்கறேன்."

இத்தனை வருஷத்தில் என் ஊசியை இன்னொருவர் பார்க்க வருகிறேன் என்றால் எனக்குக் கோபம் வந்திருக்கும், பலரை விரட்டியும் இருக்கிறேன். அன்று கண் கலங்கிவிட்டது.

"ஏழுன்னா ஏழு," என்றேன். "லேட்டா வந்தா கதவத் தெறக்க மாட்டேன்."

திங்கட்கிழமை காலை, ஏழு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே அவர் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.